எலும்புச் சாமி

தங்கராஜ் அதை நாற்பது வருஷமாக எலும்புச் சாமி என்றுதான் சொல்லிவந்தார். முதலில் இக்னேஷியஸுக்குக் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

அது யானைத் தந்தம். சேர்த்து விரித்த இரண்டு உள்ளங்கை அளவு. உருவங்கள் பலகையைவிட்டு அரை விரல் எழும்பி நிற்கும். நடுவில் தாடி வைத்த கிழவர். ஒரு கையில் கோல். மற்றொரு கையால் ஒரு பெண்ணைத் தரையிலிருந்து தூக்குகிறார். பெண்ணின் கையில் கதிர் வீசும் ஒரு வட்டம். கிழவரின் தோளுக்குப் பின்னால் இறக்கைகள். காலடியில் பாம்பு முடியோடு ஒரு முகம் வாய் பிளந்து கிடக்கிறது. மூலையில் இடை சிறுத்த ஏதோ ஒரு பொருள்.

இக்னேஷியஸின் தாத்தாவுக்கு முன்னால் ஒருவர் பாண்டிச்சேரியில் வெள்ளைக்காரப் பாதிரியாருக்குச் சமையல் செய்தார். பாதிரியார் கப்பலேறும்போது கொடுத்தது. அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. வைத்திருப்பதற்கு வனத்துறைச் சான்று உண்டு. அதை இக்னேஷியஸ் லேமினேட் செய்து தேக்குப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருந்தார்.

படம் எதைக் காட்டுகிறது என்பதில் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கிழவர் சூசையப்பர், இயேசுவின் வளர்ப்புத் தந்தை. கையில் அவருடைய லீலிக் கோல். பூ எப்போதோ உடைந்துவிட்டது. தூக்கப்படும் பெண், சாகிறவரின் ஆத்துமா. அவள் கையில் கதிர்ப்பாத்திரம். அதில் கடைசி நற்கருணை. இறக்கைகள் பின்னால் மறைந்து நிற்கும் சம்மனசு என்ற தேவதூதருடையவை. காலடியில் பசாசு. மூலையில் இருந்த பொருளுக்கு மட்டும் விளக்கம் இல்லாமல் இருந்தது. அதை இக்னேஷியஸ் கொடுத்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷம் கடைசல் லேத் ஓட்டியவர். அது சூசையப்பர் கடைந்த கட்டில் கால் என்றார். தச்சருக்குக் கட்டில் கால். எல்லோருக்கும் பொருத்தமாகப் பட்டது.

பெண்ணுக்கு ஆடை இல்லை. ஆத்துமாவுக்கு ஏது ஆடை என்று பழைய பங்குச் சாமியார் ஒருவர் சொன்னாராம். இருந்தாலும் இடுப்பில் சிவப்பு வெல்வெட் துணி கட்டியிருந்தது. மார்ச் பத்தொன்பது, சூசையப்பர் திருநாளன்று, வீட்டுப் பெண்கள் பழைய துணியை அவிழ்த்துப் புதியதைக் கட்டுவார்கள். ஆண்கள் அப்போது வெளியே போய்விடுவார்கள்.

சூசையப்பர் நன்மரணத்தின் பாதுகாவலர். அதனால் பூந்தமல்லி பங்கில் யாருக்காவது கடைசி நேரம் என்றால் இக்னேஷியஸுக்கு ஆள் வரும். அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். சாமியார் வந்து சாகிறவருக்கு அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டுப் போவார். பிறகு இக்னேஷியஸ் வருவார். சைக்கிள் கேரியரில் பெட்டியைப் பழைய டியூபால் இறுக்கிக் கட்டியிருப்பார். நசரத்பேட்டை வரை வயல்தான். காற்று எதிர்த்து வந்தால் இறங்கித் தள்ளுவார். அந்த ரோட்டில் தவளைச் சத்தம் கேட்கும். ஈர வைக்கோல் வாசனை இருக்கும். பிறகு மொபெட் வந்தது. பிறகு ஆட்டோ. வெள்ளம் வந்த வருஷம் இடுப்பளவு தண்ணீரில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

போய்ச் சேர்ந்ததும் பேச்சு அதிகம் இருக்காது. கட்டிலின் கால்மாட்டில் பெட்டியைத் திறந்து நிறுத்துவார். மெழுகுவர்த்தி ஏற்றுவார். படுத்திருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்வார். சூசையப்பர் வந்திருக்கிறார் என்பார். குனிந்து காதில் இயேசு, மரி, சூசை என்று மூன்று பெயரைச் சொல்வார். தொழிற்சாலை ஆட்களாக இருந்தால் அந்தக் கட்டில் காலையும் காட்டுவார். நம்ம ஆளு, கடைசல் வேலை தெரிஞ்சவரு என்பார். சிலர் சிரித்தார்கள். சிரித்த முகத்தோடு போனவர்கள் இருந்தார்கள்.

எத்தனை வீடு என்று அவர் எண்ணியதில்லை. வீடுகள் ஞாபகம் இருந்தன. எந்த வீட்டில் எந்தப் பக்கம் ஜன்னல், யார் தண்ணீர் கொடுத்தார்கள், வெளியே என்ன மரம். இப்போது அவற்றில் பாதி அடுக்குமாடி ஆகிவிட்டது. மெட்ரோ தூண்களுக்குக் கீழே போகும்போது இடம் பிடிபடாது. அப்போதும் சாவு நடந்த வீடு இருந்த இடத்தை அவர் சரியாகச் சொல்வார்.

*

போன கோடையில் தந்தத்தில் ஒரு விரிசல் விட்டது. கிழவரின் முழங்காலிலிருந்து கீழே முடிபோல ஓடியது.

மகள் அருள்செல்வி ஐயப்பன்தாங்கலில் ஃபிளாட்டில் இருந்தாள். அதே பிளாக்கில் இரண்டாவது மாடியில் ஸ்வாதி என்று ஒரு பெண். திருச்சிக்காரி. அருங்காட்சியகத்தில் பழைய மரம், தந்தப் பொருள்களைப் பழுது பார்க்கும் வேலை. அருள்செல்வி அவளிடம் கேட்டாள். ஸ்வாதி கொண்டுவரச் சொன்னாள்.

சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, விளக்கைத் தாழ்த்தி, லென்ஸ் வைத்து ஸ்வாதி ஒரு மணி நேரம் பார்த்தாள். வெல்வெட் துணியை அவிழ்த்தபோது இக்னேஷியஸ் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது துணி மறுபடியும் கட்டப்பட்டிருந்தது.

விரிசலுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், வெயிலிலும் மெழுகுவர்த்திப் பக்கத்திலும் வைக்காதீர்கள் என்றாள். பிறகு, இது யார் என்று உங்கள் வீட்டில் சொல்வார்கள் என்று கேட்டாள். இக்னேஷியஸ் சொன்னார். அவள் முழுவதும் கேட்டாள். குறுக்கே பேசவில்லை.

பேனா நுனியால், தொடாமல், காட்டிக்கொண்டே போனாள். இறக்கை இவர் முதுகிலிருந்தே முளைக்கிறது, பாருங்கள். கோலின் முனையில் இருந்தது பூ இல்லை. வளைந்த ஒரு தகட்டின் அடிப்பாகம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரிவாள். மூலையில் இருப்பது மணல் கடிகாரம். உள்ளே மணல்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். ஐரோப்பாவில், முந்நூறு வருஷத்துக்கு முன்னால், பரோக் காலத்தில் இந்தக் காட்சியை நிறையச் செய்தார்கள். அந்த நாளில் மனிதர்களை மட்டும் செதுக்கவில்லை. நீதி, பொறாமை, குளிர்காலம், எல்லாவற்றுக்கும் ஆள் உருவம் கொடுத்தார்கள். இந்தக் கிழவர்தான் காலம். அந்தப் பெண் உண்மை. கையில் இருப்பது சூரியன். காலடியில் பொய். உண்மையை எத்தனை நாள் அமுக்கி வைத்தாலும் காலம் ஒருநாள் தூக்கிக்கொண்டு வந்து காட்டும் என்பதுதான் படம்.

"சாமி படமே இல்லையாம்மா?"

"இல்லை சார். ஆனா ரொம்ப நல்ல வேலை. இந்தக் கையைப் பாருங்க."

அவர் கையைப் பார்க்கவில்லை. கோலின் முனையைப் பார்த்தார். அது முடிவு இல்லை, முறிவு என்று அவருக்குப் பத்தொன்பது வயதிலேயே தெரியும். உடைந்த உலோகத்தையும் வெட்டிய உலோகத்தையும் பார்த்த மாத்திரத்தில் சொல்கிற கண். பூ என்று சொன்னார்கள். பூ என்று வைத்துக்கொண்டார்.

ஸ்வாதி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். இக்னேஷியஸ் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். படியிறங்கும்போது இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மகளிடம் கேட்டுக்கொண்டார். அருள்செல்வி சரி என்றாள்.

டிசம்பரில், பங்கில் இருதயமேரிக்குக் கடைசி நேரம் என்று ஆள் வந்தது. அவர் போனார். பெட்டியைத் திறந்து நிறுத்தினார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். கட்டில் காலைக் காட்டவில்லை. மற்றதெல்லாம் சொன்னார்.

*

பிப்ரவரியில் தங்கராஜை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்லீரல். இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். வீடு குமணன்சாவடியில், பழக்கடைச் சந்துக்குள். முன்னறையில் ஏற்றி இறக்கும் கட்டில் போட்டிருந்தார்கள். மகன் ஜாக்சன் மாடியில் லேப்டாப்போடு இருந்தான். ஒரு மணிக்கு ஒரு தரம் இறங்கிவந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போவான்.

இக்னேஷியஸும் தங்கராஜும் ஒரே வருஷம், தொழிற்சாலையில் ஒரே மிஷின் ஷாப்பில் சேர்ந்தவர்கள். இவர் லேத், அவர் கிரைண்டிங். தங்கராஜுக்கு அந்த நாளில் எந்தச் சாமியும் இல்லை. கமலத்தைக் கட்டிய பிறகு பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார். அங்கே சுரூபம், சாமி உருவம் எதுவும் கூடாது. கமலம் சொன்ன எல்லாவற்றையும் விட்டார்: பீடி, சினிமா, சீட்டு. கிண்டலை மட்டும் விடவில்லை. ஷிஃப்ட் முடிந்து கை கழுவும் இடத்தில், எலும்புச் சாமி இன்னா சொல்லுது என்பார். உனக்கும் ஒருநாள் வருவார் என்பார் இக்னேஷியஸ். தினமும் இதே பேச்சுதான். கம்பெனியை மூடிய கடைசி நாளிலும் இதைத்தான் பேசிக்கொண்டார்கள்.

தங்கராஜ் பாதியாகியிருந்தார். கண்ணில் மஞ்சள். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"வாடா. எங்க உன் பார்ட்னர்?"

"யாரு?"

"எலும்புச் சாமி. நா கூப்ட்டா மட்டும் வராதா?"

இக்னேஷியஸ் கிண்டல் என்று நினைத்தார். இல்லை. தங்கராஜ் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். ஃபோர்மேன் ராகவன் சாரின் கடைசி நாளைச் சொன்னார். எண்பத்தொன்பதாம் வருஷம். ராகவன் ஐயர் வீட்டுப் பிள்ளை. அவரே இக்னேஷியஸைக் கூப்பிட்டனுப்பினார். சுரூபம் இருக்கும் அறைக்குள் போகக் கூடாது என்று தங்கராஜ் வெளியே ஜன்னல் ஓரமாக நின்றார். இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்த மனுஷன் பெட்டியைத் திறந்ததும் அடங்கினார். ஒரு புது டிராயிங்கைப் பார்க்கிற மாதிரி அதையே பார்த்தார். அன்றைக்கு ஜன்னலிலிருந்து ராகவன் சாரின் முகம் தெரிந்தது. அவர் பார்த்தது தெரியவில்லை.

"இன்னா பாத்தாருன்னு எனக்குத் தெரியணும்டா. முப்பத்தஞ்சு வருசமா கேட்டுக்கினு கீறேன், மனசுக்குள்ள."

"கமலத்துக்கிட்ட கேட்டியா?"

"அது உடாது. அதை மீறி நா ஒண்ணும் பண்ண மாட்டேன். உனக்குத் தெரியும்."

இக்னேஷியஸ் சமையலறைக்குப் போனார். கமலத்துக்குச் சில வருஷமாகக் காது கேட்பதில்லை. கருவி வாங்கிக் கொடுத்தார்கள். இரைகிறது என்று கழற்றி வைத்துவிட்டாள். அவர் சைகையும் சத்தமுமாகச் சொல்லி முடித்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். முகத்தில் கோபம் இல்லை. நாற்பது வருஷமாக இக்னேஷியஸுக்கும் சோறு போட்டவள்.

"சுரூபம் வேணாம்ணே. இந்த ஊட்டுக்குள்ள வராது. போற நேரத்துல அவரைக் கெடுக்காதீங்க. வேற இன்னா வேணுமோ கேளுங்க, செய்யறேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

*

இரண்டு நாள் அவர் வெளியே போகவில்லை. மூன்றாம் நாள் அருள்செல்வி வந்தாள். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, அதில் என்ன கஷ்டம் அப்பா என்றாள். சுரூபம் என்பதுதானே தடை. அது சுரூபமே இல்லையே. அதைச் சொன்னால் போதும்.

அவருக்கும் அது முதல் நாளே தோன்றியிருந்தது.

சொன்னால் கதவு திறக்கும். ஆனால் கமலத்துக்கு எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது. சந்து முழுக்கக் கேட்கும். அதோடு ஊசி போட ஷோபனா தினமும் வருகிறாள். அவள் நர்ஸ். இவருடைய பங்கு, தெருவில் கூடி ஜெபிக்கும் இவருடைய அன்பியம். அவள் அம்மாவுக்கு இவர்தான் பெட்டியைக் கொண்டுபோனார். அவள் காதில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குள் எல்லோருக்கும் தெரியும். இத்தனை வீட்டில், இத்தனை பேர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்னது சூசையப்பர் இல்லை என்று.

எழுதிக் கொடுங்களேன் என்றாள் அருள்செல்வி.

"அவங்க எதைப் படிச்சாலும் சத்தமாத்தான் படிப்பாங்க. பைபிள் படிச்சுப் பழக்கம்."

அருள்செல்விக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. அவள் சாப்பாடு எடுத்துவைத்தாள். அவர் பாதியில் எழுந்து கை கழுவிக்கொண்டு, பெட்டியை எடுத்துத் துண்டால் துடைத்தார். ஆட்டோ கூப்பிடச் சொன்னார். அவளும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றார்.

*

பிற்பகல் மூன்று மணி. சந்தில் இஸ்திரி வண்டிக்காரர் துணிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கமலம் இரும்புக் கேட்டுக்குப் பின்னால் வந்து நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்துவிட்டாள்.

"இது சூசையப்பர் இல்லம்மா," என்றார் இக்னேஷியஸ்.

"இன்னாண்ணே?"

"சூசையப்பர் இல்ல."

அவள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தாள். அவர் கேட்டுக்கு இன்னும் நெருங்கி நின்றார். பிறகு, லேத் ஓடும்போது அடுத்த மிஷின்காரனைக் கூப்பிடும் குரலில் சொன்னார்.

"இது சூசையப்பர் இல்ல. சாமியே இல்ல."

இஸ்திரி வண்டிக்காரர் நிமிர்ந்தார். கீரை ஆய்ந்த கைகள் நின்றன. உள்ளேயிருந்து ஷோபனா ஊசியும் பஞ்சுமாக வாசலுக்கு வந்தாள்.

"சாமி இல்லியா?"

"இல்ல."

"கும்புடத் தேவையில்லியா?"

"தேவையில்ல."

"அப்போ இவ்ளோ நாளா?"

"தப்பா நெனச்சுட்டோம். எங்கப்பா, அவங்கப்பா, நானு. எல்லாரும்."

"அப்போ இன்னா இது?"

"காலம்னு ஒரு கிழவன். உண்மைன்னு ஒரு பொண்ணைத் தூக்கினு வரான். அவ்ளோதான். படம்."

கமலம் பெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "காலண்டர்ல போடற மாரியா?"

"அந்த மாதிரிதான்."

அவள் யோசித்தாள். கேட்டைத் திறந்தாள். வெயில்ல எவ்ளோ நேரம் நிக்கிறீங்க, உள்ள வாங்க என்றாள்.

ஷோபனா வழிவிடவில்லை.

"அங்கிள். எங்கம்மா யாரைப் பாத்துக்கினு போச்சு?"

அவருக்கு அவளுடைய அம்மாவின் வீடு ஞாபகம் வந்தது. கிழக்குப் பக்கம் ஜன்னல். வெளியே முருங்கை. அந்த அம்மாள் கண்ணை மூடவேயில்லை.

"தெரியாதும்மா. எனக்கே போன கோடையிலதான் சொன்னாங்க."

"போன கோடையா?" அவள் நிறுத்தினாள். "டிசம்பர்ல இருதயமேரியக்கா வீட்டுக்குப் போனீங்களே. நான் அங்க இருந்தேன்."

"போனேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

ஷோபனா பையை எடுத்துத் தோளில் போட்டாள். கமலத்திடம் அடுத்த ஊசி ஆறு மணிக்கு என்று விரலால் காட்டினாள். பெட்டியைக் கடக்கும்போது பழக்கத்தில் அவள் கை நெற்றிக்குப் போனது. சிலுவை போடவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

*

பெட்டியைக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஸ்டூலின் மேல் திறந்து நிறுத்தினார். மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. உருவங்களுக்கு நிழல் வந்தது. தங்கராஜ் தலையணையை உயர்த்தச் சொன்னார். கண்ணாடி கேட்டார். போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வெளிய கத்துனது எல்லாம் கேட்டுது," என்றார். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"நாப்பது வருசம் நா சொன்னப்போ கேட்டியா நீ?"

"நீ எலும்புன்னுதான சொன்ன. காலம்னு சொல்லலியே."

தங்கராஜ் சிரித்தார். இருமல் வந்தது. கமலம் நெஞ்சைத் தடவிவிட்டாள். இருமல் அடங்கியதும் அவர் கையை நீட்டிக் காட்டினார். கிழவரின் கால், தரையில் ஊன்றிய விதம். பாரம் தூக்கும்போது முழங்கால் அப்படித்தான் வளையும் என்றார். செய்தவன் பாரம் தூக்கியிருக்கிறான். இக்னேஷியஸ் குனிந்து பார்த்தார். ஆமாம். இத்தனை வருஷத்தில் அவர் அந்த முழங்காலைப் பார்த்ததில்லை. அவர் எப்போதும் படுத்திருப்பவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அந்தப் பொண்ணு யாருன்ன?"

"உண்மை."

"உண்மைன்னு சொல்லிட்டுப் பாவாடை கட்டி வெச்சிருக்கியேடா."

கமலத்துக்கு அது கேட்கவில்லை. இருவரும் சிரிப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டாள். இக்னேஷியஸ் சொல்ல மாட்டேன் என்று கையாட்டினார். தங்கராஜ் சைகையில் துணியைக் காட்டினார். அவள் நெருங்கிவந்து பார்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் மெல்ல நெம்பி அவிழ்த்தாள். வெல்வெட்டை நான்காக மடித்து ஸ்டூலின் ஓரத்தில் வைத்தாள்.

இக்னேஷியஸ் வெளியே போகவில்லை. துணி இருந்த இடம் மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்தது. மெழுகுப் புகை படாத தந்தம். புது நூல் மாதிரி இருந்தது. செதுக்கியவன் அந்த இடத்தையும் அதே கவனத்தோடு செய்திருந்தான். பார்க்கக் கூடாது என்று ஒன்றும் அதில் இல்லை.

தங்கராஜ் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடியும் போட்டார்.

"ராகவன் சார் இதைத்தான் பாத்தாரா?"

"இதைத்தான்."

"நீ அவருகிட்ட இன்னா சொன்ன?"

"சூசையப்பர்னேன். கட்டில் காலு கடைஞ்சதுன்னு அதைக் காட்டினேன்."

"அதுக்கு?"

"இவ்ளோ சின்னதை எந்த லேத்துலடா புடிச்சான்னு கேட்டாரு."

தங்கராஜ் அதற்குச் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார். அவருக்குத் திருப்தியானது போலிருந்தது. முப்பத்தைந்து வருஷம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் இவ்வளவுதானா என்று இக்னேஷியஸுக்கு இருந்தது. தங்கராஜுக்கு அப்படி இல்லை. லேத்துலயா என்று தனக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார்.

கமலம் காபி போடப் போனாள். மாடியில் ஜாக்சன் யாரிடமோ ஆங்கிலத்தில் பேசும் சத்தம் கேட்டது. இக்னேஷியஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தங்கராஜின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். இந்த இடம் வரை பழக்கம். இதற்குப் பிறகு குனிந்து காதில் மூன்று பெயர் சொல்ல வேண்டும். சொல்ல வழியில்லை. தங்கராஜுக்கு அது ஆகாது. அதோடு, மூன்றாவது பெயரை இந்தப் பெட்டிக்கு முன்னால் இனி எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"உங்க ஆளுங்களுக்கு இப்ப இன்னாவோ சொல்லுவியே," என்றார் தங்கராஜ்.

"அது உனக்கு இல்ல."

"வேற இன்னா தெரியும் உனக்கு?"

இக்னேஷியஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"நம்ம ஷாப்ப சொல்லு," என்றார் தங்கராஜ். "கதவாண்டலேர்ந்து. வரிசையா."

ஷாப் இருந்த இடத்தில் இப்போது பதினான்கு மாடி நிற்கிறது. நீச்சல்குளம் வேறு. இக்னேஷியஸ் கண்ணை மூடிக்கொண்டார். பெரிய சறுக்குக் கதவு. உள்ளே நுழைந்ததும் கூலன்ட் எண்ணெய் வாசனை. இடது பக்கம் டைம் கார்டு பலகை. அதைச் சொன்னார். பிறகு முதல் மிஷின். பழைய ஆறடி லேத், பச்சை பெயின்ட், டூல் போஸ்டில் யாரோ கட்டிவிட்ட சிவப்புக் கயிறு.

"அடுத்து?"

"கேப்ஸ்டன் லேத். ரெண்டு."

"மூணுடா."

"மூணு. அப்புறம் மில்லிங்."

"மில்லிங்குக்கு முந்தி தண்ணிப் பானை."

"பானை. அலுமினிய டம்ளர், சங்கிலி போட்டது."

"அத யாரும் திருடல. சங்கிலியத்தான் திருடுனானுங்க."

ஷேப்பர் வந்தது. ரேடியல் ட்ரில் வந்தது. அதன் பக்கத்தில் உடைந்த ஜன்னல், மழை வந்தால் கோணி கட்டுவார்கள். தங்கராஜின் கண் பெட்டியின் மேல் இருந்தது. கேட்டுக்கொண்டே பார்த்தார், பார்த்துக்கொண்டே திருத்தினார். கமலம் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். என்ன ஜெபமா என்று கேட்டாள். தங்கராஜ் இல்லை என்று விரலை ஆட்டினார். அவள் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

இக்னேஷியஸ் சர்ஃபேஸ் கிரைண்டரைச் சொன்னார். அது தங்கராஜின் மிஷின். அங்கே கொஞ்சம் நின்றார். மேசையின் மேல் காந்தத் தகடு, தண்ணீர்க் குழாய், ஸ்டூலின் கீழே சாப்பாட்டு டப்பா. தங்கராஜ் எதையும் சேர்க்கவில்லை. கையை மட்டும் லேசாக இறுக்கினார். அதன் பிறகு கருவிகள் வைக்கும் டூல் கிரிப், கம்பி வலை, உள்ளே ராகவன் சாரின் மேசை. அதோடு பின்சுவர் வந்துவிட்டது.

"அவ்ளோதான்," என்றார் இக்னேஷியஸ்.

"இன்னா அவ்ளோதான்? அந்தாண்ட வரிசை கீதே. திரும்பி நடந்து வா."